அடிபட்ட விதம்

ஆறாவது கட்டத்தின் தலைப்பு அதுதான்.
இரண்டு விரல் அகலம் விட்டிருக்கிறார்கள்,
அதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

டாக்டர் சொல்வார், நான் எழுதுவேன்.
வடசென்னையின் இந்தப் பெரியாஸ்பத்திரியில்
ஒன்பது வருட ராத்திரிகளில்
இந்தச் சொல்லை எழுதிய அளவுக்கு
என் பெயரைக்கூட எழுதியதில்லை.

துறைமுகத்தில் கப்பலுக்குப் பெயின்ட் அடித்தவன்
இருபது அடி உயரத்திலிருந்து விழுந்து
அடிபட்டு வந்தான்.
டாக்டர் வடக்கத்திக்காரர், மேல்படிப்புக்கு வந்தவர்,
தமிழுக்கும் புதுசு.
"மூணும் ஒண்ணா?" என்றார்.
இல்லை சார். ஒன்று பிரஷ், ஒன்று அளவு, ஒன்று எலும்பு.

வண்ணாரப்பேட்டை பாக்சிங் பையன்
புருவம் கிழிந்து சிரித்துக்கொண்டே வருவான்:
"வாங்கத் தெரிஞ்சாத்தான்க்கா குடுக்கத் தெரியும்."
கொத்தவால்சாவடி வெங்காயம் மாதிரி
வாங்கலும் கொடுக்கலும்.

தண்ணி அடித்தவன் வருவான், தினமும்.
தண்ணி அடித்தவளும் வருவாள்;
அவள் அடித்தது தெருக்கோடி பம்பில்,
பன்னிரண்டு குடம்,
தோள்பட்டை இறங்கிப்போய்.

எண்ணூர்ப் பக்கமிருந்து காற்றடித்தால்
கண்ணெரிச்சலோடு நாலு பேர்.
கேரம் போர்டில் சிவப்பை அடித்து
நகம் பெயர்ந்த ஒருவன்,
"காய் விழுந்துச்சு மேடம்" என்றான், முதலில் அதைத்தான்.

செவ்வாய்க்கிழமை, பன்னிரண்டே முக்கால்.
பியூலா. முப்பத்தொன்று. வியாசர்பாடி.
இடது காதோரம் வீங்கியிருந்தது.
பின்னால் ஒருவன்,
அவள் கைப்பையையும் செருப்பையும் பிடித்துக்கொண்டு.

"பம்பு கைப்பிடி எகிறி அட்ச்சிச்சு சார்."
சொன்னது அவன்.

டாக்டர் முடியை ஒதுக்கிப் பார்த்தார்.
நாலு கோடு, பக்கத்துப் பக்கத்தில்.
கைப்பிடிக்குக் கை உண்டு,
விரல் கிடையாது.

அவனுக்குப் போன் அடித்தது.
உள்ளே சிக்னல் எடுக்காது. போனான்.

"அடிபட்டது" என்று எழுதினால் போதும் எனக்கு.
அடிபடுவதற்கு
அடிக்கிறவர் என்று ஒருவர் வேண்டியதில்லை நம் பேச்சில்.
வெயில் அடிக்கிற மாதிரி, மணி அடிக்கிற மாதிரி
அது பாட்டுக்கு நடக்கும்.
எட்டாம் வகுப்புப் பரீட்சையில்
எழுவாய் எங்கே என்று கேட்பார்கள்,
தோன்றா எழுவாய் என்று எழுதி
முழு மார்க் வாங்கியவள் நான்.

"யாரும்மா?"

அவள் மேசை விளிம்பைச் சுரண்டினாள்.
"எழுதினா போலீஸ் வருமா?"
தகவல் போகும்.
"எப்ப?"
காலையில்.
"அப்ப ராத்திரிக்கு நான் எங்க படுக்கறது?"

அதற்குக் கட்டம் இல்லை.

"பம்புன்னே எழுதிக்கோக்கா," என்றாள்.
பேனாவை வைத்தேன்.
"இல்ல, இரு."

"எட்வின்."
நான் எழுதுவதைத் தலைகீழாகப் பார்த்து
"ரெண்டு சுழி இல்லக்கா, மூணு" என்றாள்.
அவள் சொன்ன சுழி தப்பு.
அவள் சொன்னபடியே போட்டேன்.

தெரிந்த நபர் ஒருவரால் கையால் தாக்கப்பட்டதாக
என்பது இங்கே வழக்கமான வாசகம்.
தெரிந்த என்பதற்கு முன்னால்
பதினோரு வருடமாக என்று சேர்த்தேன்.
ஏழாவது கட்டத்துக்குள் போய்விட்டது எழுத்து.

டாக்டர் தமிழ் தேடிக்கொண்டிருந்தார்.
கடைசியில் கிடைத்தது.
"தலை அடி," என்றார். "பெரிய அடி.
இன்னிக்கு வீடு போக முடியாது.
இங்கேயே படுக்கணும்."

பெரிய அடி ஒன்றும் இல்லை. எனக்கும் தெரியும்.

எட்வின் திரும்பி வந்தபோது
கையில் இரண்டு டீ.
பெண்கள் வார்டு, ஆண்கள் போகக் கூடாது என்றேன்.
அவன் டீயைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
பதிவேட்டின் மேல் என் முழங்கை இருந்தது.

வார்டு கதவு வரைக்கும் நாற்பது அடி இருக்கும்.
செருப்பு அவனிடம்.
அவள் கேட்கவில்லை,
ஈரமாய்த் துடைத்திருந்த தரையில்
வெறுங்காலோடு போனாள்.